சர்க்கரை டாக்டரிடம் சொல்லாமல் விடுவது

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர் கால் எரிச்சலை டாக்டரிடம் சொல்வார், கண் மங்குவதைச் சொல்வார். விறைப்பு முன்போல இல்லை என்பதை மட்டும் விழுங்கிவிடுவார். டாக்டர்கள் பலரும் அதைக் கேட்பதில்லை. அந்த இடைவெளியில்தான் லாட்ஜில் ரூம் போட்டு, 'நரம்புத் தளர்ச்சி'க்கு லேகியம் விற்பவர் பிழைக்கிறார்.

விறைப்பு என்பது ரத்தம் வந்து நிறைந்து, சற்று நேரம் தங்குவது. ஆசை எழும்போது நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது குழாயின் தசையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்கிறது. கட்டுப்படாத சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அந்த நரம்பையும் கெடுக்கும், உட்சுவரையும் கெடுக்கும். அதனால்தான் சர்க்கரை உள்ள ஆண்களுக்கு மற்றவர்களைவிடப் பத்து, பதினைந்து வருடம் முன்னதாகவே இந்தச் சிக்கல் தலைகாட்டுகிறது. சிகரெட்டும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் அகலம் 1 முதல் 2 மி.மீ.தான். இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. உடம்பு முழுக்கக் குழாய்களில் கொழுப்பு படியும்போது சின்னக் குழாய்தான் முதலில் திணறும். நெஞ்சு வலிக்குச் சில வருடம் முன்பே படுக்கையில் தடுமாற்றம் தெரிவதுண்டு. நாற்பது வயதுக்காரர் இதைச் சொன்னால், விவரமான டாக்டர் இதயத்தையும் பரிசோதிப்பது இதனால்தான்.

மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு. பிரஷருக்குத் தரும் அட்டெனலால், சிறுநீரை அதிகம் போகவைக்கும் தயசைடு வகை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் இந்தப் பட்டியலில் வரும். ஆனால் 2003இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு வேடிக்கையானது. அட்டெனலாலின் இந்தப் பக்கவிளைவை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம் வந்தது. என்ன மாத்திரை என்றே தெரியாதவர்களுக்கு மிகக் குறைவு. பயமும் ஒரு காரணம்தான். விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறது, மனைவியோடு இருக்கையில் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு குழாயில் இல்லை. இதைப் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து இருக்கிறது, கேட்டால் எழுதித் தருவார்கள்.

ஆசையே வற்றிப்போனால் விஷயம் வேறு. தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்த பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கும். காலை வேளையில், இரண்டு தனித்தனி நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

1998இல் சந்தைக்கு வந்த சில்டெனாஃபில், நைட்ரிக் ஆக்சைடு தொடங்கிவைத்த வேலையை நீட்டித்துக் கொடுக்கும் மாத்திரை. நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டோடு இது சேரவே கூடாது. ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'முழுக்க மூலிகை' என்று விற்ற சில பொடிகளைச் சோதித்தபோது உள்ளே இருந்தது இதே சில்டெனாஃபில். லேகியம் சாப்பிட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசர சிகிச்சைக்குப் போக நேர்ந்தால், கூச்சப்படாமல் அங்கே முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.