காந்தளுக்கு ஓர் அளவுகோல்

கடந்த ஐப்பசியில் இணையவழியில் பத்து ஐரிஸ் கிழங்குகளை வரவழைத்து வீட்டுத் தோட்டத்தில் நட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு வரும் ஆசைகளுள் இதுவும் ஒன்று. சின்ன வெங்காயம்போல இருந்த அவற்றில் நான்கு முளைத்தன. இலைகள் ஒரு சாண் உயர்ந்தன. ஒன்றுகூடப் பூக்கவில்லை, மாசி வெயில் ஏறியதும் மடிந்துபோயின. கிழங்கைக் குறைசொல்ல முடியாது. ஸ்பெயின், மொராக்கோ பகுதிகளின் காட்டு ஐரிஸ் இனங்களைக் கலந்து நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் உருவாக்கப்பட்ட கலப்பினம் அது. மொட்டு உருவாவதற்குச் சில வாரக் குளிர் வேண்டும். உடன்குடியில் குளிருக்கு எங்கே போவது?

அதே தோட்டத்தின் உடைமர வேலியில், எவரும் நடாத காந்தள் வடகிழக்குப் பருவமழைக்கு முளைத்தது. முள்ளைப் பற்றி ஏறியது. கார்த்திகையில் தீக்கொழுந்துபோலப் பூத்து நின்றது. அயல்நாட்டுக் கிழங்குக்குச் செலவிட்ட பணத்தை எண்ணிச் சற்று வெட்கப்பட்டேன். கூடவே, தமிழ்நாட்டின் மாநில மலராகிய இதைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வியும் எழுந்தது.

பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ எனப் பல பெயர்கள் ஒரே செடிக்கு உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கும்போது முதலில் வைப்பது காந்தளைத்தான். அதே பட்டியலில் கோடலும் தோன்றியும் தனித்தனியே வருகின்றன. கோடலை வெண்காந்தள் என்பது உரையாசிரியர் மரபு. தோன்றியும் செங்காந்தளே என்பார் உளர். ஒரே பூ பலவாகத் தோன்றுவதற்கு இயற்கையான காரணமும் இருக்கிறது. விரியும்போது பசுமஞ்சளாக இருக்கும் இதழ்கள் நாள்கள் செல்லச் செல்ல ஆரஞ்சாகி, முடிவில் முழுச் சிவப்பாகின்றன. ஒரே கொடியில் ஒரே வேளையில் மூன்று நிறங்களைக் காணலாம். எனவே நிறத்தைக் கொண்டு இனம் பிரிப்பது ஏமாற்றத்தில்தான் முடியும்.

இலையைப் பார்ப்பதே நல்ல வழி. காந்தளின் இலைநுனி நீண்டு, கம்பிச்சுருள்போலச் சுருண்டு அருகிலிருப்பதைப் பற்றிக்கொள்ளும். பூவில் ஆறு இதழ்கள் அலையலையாக மேல்நோக்கி மடிந்திருக்கும். ஆறு மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். ஐரிஸுக்கும் இதழ் ஆறுதான். ஆனால் மகரந்தத் தாள் மூன்றே. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு, கலப்பைபோல இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. ஆண்டுதோறும் பழைய கிழங்கு வற்றிப் புதியது உருவாகிறது.

இந்த அடையாளங்களை அறிந்திருப்பது உயிர் காக்கும் செயலும்கூட. காந்தளின் எல்லாப் பகுதிகளிலும் கோல்சிசின் என்ற கடும் நஞ்சு உள்ளது. வள்ளிக்கிழங்கு என எண்ணி இதனை அவித்து உண்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இறந்திருக்கிறார்கள். முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து ஏதுமில்லை. வீட்டருகே இக்கொடி இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டி, பெயரையும் நஞ்சையும் சேர்த்தே சொல்லிவைக்க வேண்டும்.

அந்த நஞ்சே மருந்தாகவும் இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேயும் காவந்தூவும் 1820-இல் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து கோல்சிசினைப் பிரித்தெடுத்தனர். கீல்வாதத்தின் ஒருவகையான 'கௌட்' நோய்க்கு அது இன்றும் முக்கிய மருந்து. குறைந்த அளவில் அதனை இதயநோய்த் தடுப்புக்குப் பயன்படுத்த அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2023-இல் ஒப்புதல் அளித்தது. காந்தள் விதையில் கோல்சிசின் கிழங்கைவிட அதிகம். ஆயினும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே. அந்தச் சிறு பங்குக்காகத்தான் அரவக்குறிச்சி, மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் காந்தளைப் பயிரிடுகிறார்கள்.

அந்த வேளாண்மை எளிதன்று. விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் கிழங்கையே நடுகிறார்கள். முதலீட்டில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது. ஆனி, ஆடியில் நட்ட கொடியைக் கிளுவைக் குச்சியிலோ விராலிக் கட்டையிலோ கம்பிப் பந்தலிலோ ஏற்றிவிட வேண்டும். பூக்கத் தொடங்கியதும் வரும் வேலை வேறு எந்தப் பயிரிலும் அரிது. காந்தளின் சூல்தண்டு, சூலகத்திலிருந்து ஏறத்தாழச் செங்கோணத்தில் வெளிப்புறமாக வளைந்து, மகரந்தத்தைவிட்டு விலகி நிற்கிறது. காட்டில் வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் மகரந்தத்தைச் சேர்த்துவிடும். ஏக்கர்க் கணக்கில் பயிரிட்டால் அவை போதா. எனவே காலை வேளையில் பெண் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகச் சென்று, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் வைக்கிறார்கள். ஒரு பூ தவறினால் ஒரு காய் இழப்பு. நாம் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால் இப்படிக் கைகளால் செய்த மகரந்தச் சேர்க்கை இருக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் பலருக்கே தெரியாது.

கோல்சிசினுக்கு இன்னொரு முகமும் உண்டு. உயிரணு பிரியும்போது குரோமோசோம்கள் இருபுறமும் விலகிச் செல்வதை அது தடுக்கிறது. அதனால் அவற்றின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. இதனைப் பயிர்களில் பயன்படுத்தலாம் என்பதை 1937-இல் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் காட்டினர். விதையற்ற தர்ப்பூசணி இந்த வழியில் வந்ததே. அமெரிக்காவில் கரியர் மக்யூவன் என்ற மூட்டுநோய் மருத்துவர், கௌட் நோயாளிகளுக்கான அதே மருந்தைச் சைபீரிய ஐரிஸ் நாற்றுகளுக்கும் இட்டு, குரோமோசோம் இரட்டித்த பெரும்பூ வகைகளை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய கோல்சிசின் எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதன்று என் வியப்பு. இன்று ஐரிஸுக்குப் பெயரிட்ட வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெற்றோர், ஆண்டு, உருவாக்கியவர் என்று பதிவும் உண்டு. கோல்சிசினைத் தரும் காந்தளுக்கோ நம் வயல்களில் அப்படியொரு வரிசை இல்லை. காட்டிலிருந்து தோண்டிவந்து பெருக்கிய கிழங்கின் வழிவந்தவையே பெரும்பாலான தோட்டங்களில் இருக்கின்றன. எது அதிகம் காய்க்கும், எது அழுகலைத் தாங்கும், எதன் விதையில் மருந்துப்பொருள் மிகுதி என்பதெல்லாம் அனுபவக் கணக்கு.

பொருளியல் படித்தவனுக்கு உறுத்துவது இந்த இடமே. ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய காரை விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்பதை விளக்கியது. காந்தள் சந்தையில் நிலைமை தலைகீழ். தாம் விற்கும் பொருளின் தரம் விற்கும் உழவருக்குத் தெரியாது. வாங்கும் நிறுவனத்திடம் ஆய்வகம் இருக்கிறது. உழவரிடம் தராசு மட்டுமே. விலையோ எடைக்கு. கொள்வோர் சிலர், விற்போர் பலர் என்ற நிலையில், ஓராண்டு விலை ஏறுவதும், அதைக் கண்டு பலர் பயிரிட்டவுடன் மறு ஆண்டு சரிவதும் வழக்கமாகிவிட்டன. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

மறுமுனையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு கோல்சிசின் மாத்திரை ஏறத்தாழ 9 சென்டுக்கு விற்றது. 2009-இல் ஒரு நிறுவனத்துக்குத் தனி உரிமை கிடைத்தபின் அதே பழைய மருந்து 4 டாலர் 85 சென்ட் ஆனது. ஐம்பது மடங்குக்கும் மேல் ஏறிய அந்த விலைக்குக் காரணம் பதிவும் சான்றும். பொருள் மாறவில்லை.

தனி உரிமையை நான் பரிந்துரைக்கவில்லை. சான்றைப் பற்றிப் பேசுகிறேன். பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பும் பிற திடச்சத்தும் அளந்து பணம் தருகிறார்கள். கரும்புக்கான விலை சர்க்கரைக் கட்டுமானத்தோடு இணைந்துள்ளது. காந்தள் விதைக்கு மட்டும் ஏன் முடியாது? விளையும் வட்டாரங்களின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் இரண்டு மூன்றில் மாதிரி எடுத்துக் கோல்சிசின் அளவைச் சோதித்துச் சான்று தரும் வசதி இருந்தால், பேரத்தின் தன்மையே மாறும். உயர்ந்த கிழங்குக்கும் அப்போது தனி விலை கிடைக்கும். அதன்பின் வகை தேர்வுக்கு உழவரே முனைவார். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தேர்ந்தெடுத்த வகையையும் பதிவுசெய்ய இடம் தருகிறது. காட்டுக் கிழங்கைத் தோண்டும் வேட்கையும் தணியலாம்.

எங்கள் ஊர்ப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் சர்க்கரை கலந்த கருப்பட்டி மறைந்துவிடவில்லை. ஆனால் கடைக்காரரிடம் 'இது உடன்குடிதானா?' என்று கேட்க வாங்குபவருக்கு ஒரு சொல் கிடைத்தது. மூலனூர் உழவர், வணிகரிடம் 'என் விதையில் எவ்வளவு?' என்று கேட்க இன்னும் வழியில்லை.

என் வேலியில் இப்போது காய்கள் முதிர்ந்து வெடிக்கத் தொடங்கியுள்ளன. உள்ளே செம்மணிபோல விதைகள். கையுறை அணிந்து சேகரித்து நிழலில் உலர்த்தியிருக்கிறேன். ஒரு கைப்பிடி தேறும். அதில் எவ்வளவு கோல்சிசின் என்பதை அறிய எந்த அலுவலகத்துக்குப் போவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.