வலைப்பதிவும் இணையதளமும்: வேறுபடுத்தும் கூறு எது?

ரமளானுக்குச் சில நாள்கள் முன்பு மாணவர் ஒருவர், இணையதளம் ஒன்றிலிருந்து அச்செடுத்த தாளை நம்மிடம் கொண்டுவந்தார். தங்கத்திற்குரிய ஜகாத்தின் நிஸாப் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று அதில் கண்டிருந்தது. எழுதியவர் கற்றறிந்தவர் என்பது நடையிலேயே தெரிந்தது. ஆயினும், பரவலாகக் கூறப்படும் 87.48 கிராம் அளவை அன்றைய தங்க விலையால் பெருக்கியபோது தொகை பல மடங்காக வந்தது. இத்தொகை எந்த ஆண்டுக்குரியது என்று தேடினோம்; தாளில் எங்கும் தேதி இல்லை. "வலைப்பதிவாக இருந்தால் தேதி இருந்திருக்கும், ஹஜ்ரத்" என்றார் அருகிலிருந்த மற்றொருவர். "அதுவும் இணையதளம்தானே?" என்றார் தாளைக் கொண்டுவந்தவர். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மன்திக் கலையின்படி இவ்விரண்டுக்கும் உள்ள உறவு 'உமூம் குஸூஸ் முத்லக்' ஆகும். வலைப்பதிவு ஒவ்வொன்றும் இணையதளமே. இணையதளம் ஒவ்வொன்றும் வலைப்பதிவன்று. அங்ஙனமாயின், இணையதளம் என்னும் 'ஜின்ஸ்' தெரிந்துவிட்டது. பிரித்துக் காட்டும் 'ஃபஸ்ல்' யாது? மென்பொருள் என்று சிலர் கூறுவர். ஆனால் தொடக்க காலப் பதிவர்கள் பலர் பக்கங்களைத் தம் கையாலேயே குறியிட்டு ஏற்றினர். வலைப்பதிவுக்கென்றே 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ்ஸோ இன்று உலக இணையதளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றை இயக்குகிறது. அவற்றுள் கடைகளும் உண்டு, கல்லூரிகளும் உண்டு. தனியொருவர் எழுதுவது என்றால், நிறுவனங்களும் வலைப்பதிவு நடத்துகின்றன. வாசகர் மறுமொழி என்றால், அதற்கு இடமளிக்காத பதிவுகள் எத்தனையோ! இவற்றுள் எதுவும் ஜாமிஃ, மானிஃ ஆன இலக்கணமாகாது.

பெயரின் வரலாற்றை நோக்கினால் விடை கிடைக்கிறது. 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்னும் அமெரிக்கர், இணையத்தில் தாம் கண்டவற்றை நாள்தோறும் குறித்துவைத்த பக்கத்திற்கு 'வெப்லாக்' என்று பெயரிட்டார். 'லாக்' என்பது கப்பலில் காற்றையும் திசையையும் கடந்த தொலைவையும் தேதியிட்டு எழுதிவரும் ஏட்டின் பெயர். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அச்சொல்லை விளையாட்டாக வேறிடத்தில் பிரிக்கவே 'பிளாக்' பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பிளாகர் சேவை வந்தது. 2003இல் அதனைக் கூகுள் வாங்கியது. ஆக, பெயரிலேயே தேதி உறைந்திருக்கிறது.

வணிகக் குடும்பத்தினர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். பொதுவான இணையதளம் பேரேடு போன்றது: தலைப்புவாரியாகப் பக்கங்கள் இருக்கும். செய்தி மாறினால் அதே பக்கத்தைத் திருத்துவர். பழைய வாசகம் மறைந்துபோகும். வலைப்பதிவு நாள்வழிக் கணக்கு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தேதி, மாறாத தனி முகவரி. புதியது மேலே, பழையது கீழே. கருத்து மாறினால் பதிவர் புதிதாக ஒன்றை எழுதுவார். முன்னர் எழுதியதும் அதன் நாளோடு நிற்கும். 2004இல் தோன்றிய தமிழ்மணம், நூற்றுக்கணக்கான தமிழ்ப் பதிவுகளின் புது வரவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்ட முடிந்ததும் இத்தேதியொழுங்கினாலேயே.

அரபு மொழியில் வலைப்பதிவை 'முதவ்வனா' என்கின்றனர். ஏட்டில் பதிதல் என்னும் பொருளுடைய 'தத்வீன்' என்பதன் வழிச் சொல் இது. மாலிக் மத்ஹபின் பெருநூலாகிய இமாம் ஸஹ்னூனின் (மறைவு ஹிஜ்ரி 240) 'அல்முதவ்வனா' நம் மாணவர்க்கு உடனே நினைவுக்கு வரும். ஆனால் அந்நூல் பாடவாரியாக அமைந்தது. அதன் அடுக்குமுறையை நோக்க அது இணையதளத்தின் பக்கமே சேரும்! வலைப்பதிவுக்கு உண்மையில் நெருங்கியது, பக்தாதின் ஹம்பலி அறிஞர் இப்னுல் பன்னா (மறைவு ஹிஜ்ரி 471) தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பு. ஹிஜ்ரி 460, 461ஆம் ஆண்டுகளுக்குரிய பகுதி எஞ்சியிருக்கிறது. ஜார்ஜ் மக்திஸி அதனை 1956-57இல் பதிப்பித்தார். நகரில் நிகழ்ந்த மரணங்கள், அறிஞர்களிடையே எழுந்த பூசல்கள், கண்ட கனவுகள் ஆகியவை அதில் நாள் குறித்து எழுதப்பட்டுள்ளன. தமக்காக எழுதிக்கொண்ட அக்குறிப்புகள், நாள் குறிக்கப்பட்டமையால் வரலாற்றாசிரியர்க்குச் சான்றாயின.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. வலைப்பதிவின் தேதியும் பதிவர் கையில்தான் இருக்கிறது. பழைய பதிவைத் திருத்தலாம், தேதியையே மாற்றலாம், மென்பொருள் தடுப்பதில்லை. எனவே புறச்சான்று வேண்டும். 1996இல் நிறுவப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் எனும் காப்பகம் இணையப் பக்கங்களின் படிகளை, எடுத்த நாளோடு சேர்த்துவைக்கிறது. 2001 முதல் எவரும் அவற்றைப் பார்க்கலாம். எல்லாப் பக்கங்களும் அதில் கிடைப்பதில்லை என்றாலும், மாணவரின் தாளுக்குரிய பக்கம் கிடைத்தது. முதற்படி 2010இல் எடுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டின் தங்க விலைக்கு ஒன்றரை லட்சம் ஏறத்தாழப் பொருந்துகிறது. எழுதியவர் மீது குற்றமில்லை. மாணவர் ரூபாய்த் தொகையை அடித்துவிட்டு, கிராம் அளவை மட்டும் எழுதி, தாளின் மேல்மூலையில் அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டார்.