பாலீர்ப்பு, பாலின அடையாளம், தற்கொலை அபாயம்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

தன்பாலீர்ப்புடையோர், இருபாலீர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரிடையே தற்கொலை எண்ணமும் முயற்சியும் பிறரைவிடக் கூடுதலாக உள்ளதைப் பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனைக் கேட்கும் பெற்றோர் சிலர், "அந்த இயல்பே நோய், அதனால்தான் இந்த நிலை" என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. சுற்றியிருப்போர் அவ்வியல்பை எதிர்கொள்ளும் முறையே அபாயத்தைப் பெருமளவில் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

இது நோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பில், திருநர் அடையாளமும் மனநோய்ப் பிரிவில் இடம்பெறவில்லை.

அபாயம் எவ்வாறு உருவாகிறது?

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மனச்சோர்வு, போதைப் பழக்கம், பொருளாதார நெருக்கடி முதலிய பொதுவான காரணிகள் இவர்களுக்கும் உண்டு. அவற்றுக்கு மேலாக இவர்கள் சுமக்கும் தனிச் சுமையை, உளவியலாளர் இலான் மேயர் 2003-இல் 'சிறுபான்மை மன அழுத்தம்' என்னும் கருத்தாக விளக்கினார். அது பல வழிகளில் செயல்படுகிறது.

• புற நிகழ்வுகள்: கேலி, வன்முறை, பள்ளியிலிருந்து இடைநிற்றல், வாடகை வீடும் வேலையும் மறுக்கப்படுதல்.
• எதிர்பார்ப்பும் மறைப்பும்: அடுத்த அவமதிப்பு எப்போது வருமோ என்ற ஓயாத அச்சம், பேச்சு, நடை, கைபேசி என அனைத்தையும் மறைத்து வாழும் களைப்பு.
• உள்வாங்கிய வெறுப்பு: ஊரார் கூறும் இழிசொல்லைத் தாமே உண்மையென நம்பத் தொடங்குதல்.

இவை நீடிக்கும்போது, "எனக்கென்று யாருமில்லை", "நான் குடும்பத்துக்குப் பாரம்" என்ற இரு எண்ணங்கள் வேரூன்றுகின்றன. தற்கொலை எண்ணத்துக்கு மிக அருகில் இருப்பவை இவ்விரண்டுமே.

வீட்டில் நிகழ்வது

புறநோயாளர் பிரிவுக்கு வரும் இளைஞர்கள் இக்காரணத்தை முதலிலேயே கூறுவது அரிது. தூக்கமின்மை, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்றே கூறுவர். உடன் வந்த பெற்றோர் அறையை விட்டு வெளியேறிய பின்னரே, கைபேசி பறிக்கப்பட்டதும், படிப்பு நிறுத்தப்பட்டதும், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று அவசரமாக வரன் பார்க்கப்படுவதும் வெளிவரும். கட்டாயத் திருமணம் எதையும் சரிசெய்வதில்லை. மேலும் ஒருவரின் வாழ்வையும் துயரத்தில் ஆழ்த்துகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வளரிளம் பருவத்தில் குடும்பத்தாரின் கடும் நிராகரிப்புக்கு உள்ளானவர்களிடையே, நிராகரிப்பு இல்லாத அல்லது குறைவாக இருந்தவர்களைவிடத் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு 8.4 மடங்கு கூடுதலாக இருந்தது. அவ்வாறு நிராகரித்த பெற்றோரில் பலர் பிள்ளையின் நலன் கருதியே அவ்வாறு செய்திருப்பர். ஆனால் நோக்கம் நல்லதாயினும் விளைவு கொடியது.

'மாற்றும் சிகிச்சை' வேண்டாம்

பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் மருந்து, மின்னதிர்ச்சி, பூசை, தனியறையில் அடைத்தல் ஆகிய எவற்றாலும் பயனில்லை, தீங்கே விளையும். இத்தகைய மருத்துவ முயற்சிகளைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் இதனை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. ஆகவே எந்த மருத்துவர் இதற்கு உடன்பட்டாலும் அவரை நாடாதீர்கள்.

எச்சரிக்கை அறிகுறிகள்

• சாவைப் பற்றியோ, பாரமாக இருப்பதைப் பற்றியோ பேசுதல்
• நெருங்கியோரிடமிருந்து விலகுதல், உணவு, உறக்கத்தில் பெருமாற்றம்
• விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவது போன்ற பேச்சு
• நீண்ட கலக்கத்துக்குப் பின் திடீர் அமைதி

நீங்கள் செய்யக்கூடியவை

• "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. பேச வழி பிறக்கும்.
• "நீ எங்கள் பிள்ளை, இந்த வீடு உன்னுடையது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முழுமையாகப் புரிந்துகொள்ள உங்களுக்குக் காலம் தேவைப்படலாம். இச்சொல்லுக்கு அக்காலம் தேவையில்லை.
• பிள்ளையின் ஒப்புதலின்றி உறவினரிடமோ பள்ளியிலோ செய்தியை வெளியிடாதீர்கள்.
• நண்பர்களிடமிருந்து பிரிக்காதீர்கள். தம்மைப் போன்றோரின் தோழமை ஒரு பாதுகாப்பு.
• நெருக்கடி நேரத்தில் தனியே விடாதீர்கள். தீங்கு விளைவிக்கக்கூடிய பொருள்களை எட்டாதவாறு பூட்டி வையுங்கள்.

உதவி பெறுவதில் அச்சம் வேண்டாம்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை அளிக்கிறது. சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, நோயாளரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவரைத் தண்டிப்பது அன்று, பராமரிப்பதே அரசின் கடமை என்கிறது அச்சட்டத்தின் 115-ஆவது பிரிவு.

டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு செயல்படுகிறது. உடனடி ஆபத்து எனில் 108-ஐ அழையுங்கள்.

இதனைப் படிக்கும் நீங்களே இத்துயரில் இருப்பின், உங்களிடம் திருத்த வேண்டிய குறை ஏதுமில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். இன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். அப்படி ஒருவர் இப்போது இல்லையெனில், முதல் அழைப்பு 14416 ஆக இருக்கட்டும்.