ஓடாத காருக்கு ஒரு ஸ்டியரிங்

வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ மச்சானோ தொலைபேசி எடுத்து “பிள்ளைக்கு என்ன அனுப்ப?” என்று கேட்டால், முன்பெல்லாம் சப்பாத்து, ஜீன்ஸ் என்று பதில் போகும். இப்போது சில வீடுகளில் இருந்து போகும் பதில், கார்ப் பந்தய விளையாட்டுக்குரிய ஸ்டியரிங். மேசை விளிம்பில் பூட்டி, காலடியில் மிதிகளை வைத்து, கணினித் திரையிலோ தொலைக்காட்சித் திரையிலோ ஓடும் காரை ஓட்டுவதற்கான கருவி இது. பணம் அனுப்புபவருக்கு அதன் பெயர் மட்டும்தான் தெரியும். பிள்ளைக்கு அதன் படம் தெரியும். எதை வாங்குவது, வாங்குவதா வேண்டாமா என்ற தீர்மானம் வழமை போலத் தாயின் தலையில் வந்து விழுகிறது.

பொரளைப் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வடக்கு, கிழக்குக் குடும்பங்களைச் சந்திப்பது என் வேலையின் ஒரு பகுதி. சிகிச்சைக்காக வந்து தங்கியவர்களும் உண்டு, பிள்ளையின் தொழிலுக்காக வந்தவர்களும் உண்டு. முல்லைத்தீவில் இருந்து வந்த ஓர் அம்மா அண்மையில் என்னிடம் கேட்டார்: “ஏன் பிள்ளை, ஓடாத காருக்கு ஸ்டியரிங் என்னத்துக்கு? அதுவும் ஒரு கால் இல்லாதவனுக்கு?”

2009இல் அவருடைய மகனுக்கு ஆறு வயது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இன்று செயற்கைக் காலோடு ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை செய்கிறான். கனடாவில் இருக்கும் தாய்மாமன் “நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்லு” என்றிருக்கிறார். அந்த அம்மாவின் கவலை காசைப் பற்றியது மட்டுமல்ல. மிதிகளைக் கண்டால் பிள்ளை தன் காலை நினைத்து மனம் உடைந்து போவான் என்ற பயமே பெரிது.

அவருக்கு நான் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். இத்தாலியரான அலெக்ஸ் சனார்டி 2001இல் ஜேர்மனியில் நடந்த பந்தய விபத்தில் இரு கால்களையும் இழந்தவர். 2005இல் உலகக் கார்ப் பந்தயத் தொடரில் மீண்டும் ஒரு வெற்றியைப் பெற்றார். வேகத்தைக் கூட்டும் வளையம் அவருடைய ஸ்டியரிங்கிலேயே இருந்தது. பிரேக்கை மட்டும் செயற்கைக் காலால், இடுப்பில் இருந்து உந்தி மிதித்தார். இங்கிலாந்தின் பில்லி மொங்கர் 2017இல், தனது 17ஆவது வயதில் இரு கால்களையும் இழந்தார். அடுத்த வருடமே தனக்கு ஏற்றபடி மாற்றியமைத்த காரில் பந்தயத்துக்குத் திரும்பிவிட்டார். உண்மையான காரிலேயே இது நடக்குமென்றால், மேசையில் பூட்டிய ஸ்டியரிங்கில் நடப்பது இன்னும் இலகு. ஆனால் அதற்கு ஏற்ற கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். நாங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில் வீட்டில் உள்ள இயந்திரம் எதுவென்று பாருங்கள். பிள்ளை கைத்தொலைபேசியில் மட்டும் விளையாடுகிறான் என்றால் ஸ்டியரிங் வேண்டாம். இந்தக் கருவிகள் பெரும்பாலும் தொலைபேசியில் வேலை செய்யாது. பிளேஸ்டேஷனுக்கு உரியது எக்ஸ்பொக்ஸில் வேலை செய்யாது; எக்ஸ்பொக்ஸுக்கு உரியது பிளேஸ்டேஷனில் வேலை செய்யாது. லொஜிடெக் நிறுவனத்தின் ஜி29, பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் உரியது. ஜி920, எக்ஸ்பொக்ஸுக்கும் கணினிக்கும் உரியது. பார்ப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2020இல் வந்த ஜி923 இன்னும் சிக்கலானது. ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். பெட்டியில் எந்த இயந்திரத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை மாமன்மாரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உறவினர் பாவித்துவிட்டுத் தரும் பழைய ஜி27 போன்றவை கணினிக்குச் சரி. பிளேஸ்டேஷன் 4இலும் அதற்குப் பின் வந்ததிலும் நேரடியாக இயங்காது. கடல் கடந்து வந்த பிறகு அதைக் கண்டுபிடித்து என்ன பயன்?

விலையின் பெரும் பகுதி எதற்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மலிவான ஸ்டியரிங்குகளுக்குள் இருப்பது இறப்பர் நாடா அல்லது சுருள்வில். திருப்பினால் அது இழுத்து நடுவுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். விலை கூடியவற்றில் மோட்டார் இருக்கும். கார் சறுக்கும்போது ஸ்டியரிங் கையில் இலேசாகிவிடும். பாதை கரடுமுரடாக இருந்தால் அதிரும். வளைவில் எதிர்த்து இழுக்கும். மோட்டாரின் விசை பற்சில்லுகள் மூலம் வருவது ஒரு வகை. ஜி29, ஜி923 இந்த வகை. வார்ப்பட்டி மூலம் வருவது அதைவிட மென்மையானது. மோட்டாரின் அச்சிலேயே ஸ்டியரிங்கைப் பூட்டுவது மூன்றாவது வகை. விசையும் விலையும் அதில் கூட. புதிதாகப் பழகுபவருக்குப் பற்சில்லு வகையே தாராளம் என்பது என் அபிப்பிராயம்.

இதில் எமது பெண்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. கையிலோ தோளிலோ செல் துண்டு பட்டவர்கள், மணிக்கட்டு பலவீனமானவர்கள் வலுக்கூடிய மோட்டாரைப் பிடித்தால், திரையில் கார் மதிலில் மோதும் கணத்தில் ஸ்டியரிங் கையை முறுக்கிவிடும். விசையைக் குறைக்கும் வசதி எல்லா நல்ல கருவிகளிலும் உண்டு. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, கை பழகப் பழகக் கூட்டலாம். மின்சாரத்தை இணைத்தவுடன் இவ்வகைக் கருவிகள் தாமாகவே இருபக்கமும் சுழன்று பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளின் விரல்கள் கிட்டப் போகக்கூடாது.

எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதும் முக்கியம். 180 அல்லது 270 பாகை மட்டும் திரும்புபவை விளையாட்டுச் சாமான்கள். 900 பாகை என்றால் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு இரண்டரைச் சுற்று. அது சாதாரணக் காரின் ஸ்டியரிங்குக்குக் கிட்ட வரும்.

இனி மிதிகள். மலிவான தொகுதியில் இரண்டு மிதி, நல்லதில் மூன்று. வலது கால் இல்லாத ஒருவருக்கு இந்த மூன்றாவது மிதிதான் பெறுமதியானது. கணினியில் ஓடும் பந்தய விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் எந்த மிதிக்கு எந்த வேலை என்பதை நாங்களே மாற்றிக்கொள்ளலாம். இடது ஓரத்தில் உள்ள கிளச்சை வேகத்துக்கான மிதியாக மாற்றிவிட்டு, நடு மிதியைப் பிரேக்காகவே வைத்துக்கொண்டால் இடது கால் ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கும். கியரைத் தானியங்கியில் விட்டால் கிளச் தேவைப்படாது. உடல் ஊனமுற்றவர்களுக்காக மாற்றியமைக்கப்படும் உண்மையான தானியங்கிக் கார்களிலும் வேக மிதியை இடது பக்கம் பூட்டும் முறை இருக்கிறது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது “அப்ப அவன் செய்யிறது களவு விளையாட்டு இல்லையே?” என்று கேட்டார். இல்லை அம்மா, அதுதான் முறை என்றேன்.

செயற்கைக் காலாலேயே மிதிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு. செயற்கைக் கணுக்கால் எமது கணுக்காலைப் போல் சிறிது சிறிதாக மடியாது. முழங்காலில் இருந்து தள்ள வேண்டும். ஜி29இன் பிரேக் மிதிக்குள் ஒரு கட்டி இறப்பர் இருப்பதால் அது இறுக்கமானது. மணிக்கணக்காக மிதித்தால் காலின் முனை கிண்ணத்துக்குள் உராய்ந்து புண்ணாகும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு கால்களும் இயங்காதவர்கள் கைகளால் மட்டும் ஓட்டலாம். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களுக்கு வேகத்தையும் பிரேக்கையும் கொடுக்கலாம். ஆனால் பொத்தான் முழுதாக அழுத்தும், அல்லது முழுதாக விடும். மெல்ல மெல்ல அழுத்த இடமில்லை. அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேலை செய்யும் கைப்பிடித் தகடுகள் விலை கூடிய சில ஸ்டியரிங்குகளில் வருகின்றன. மிதித் தொகுதியை மேசைமேல் தூக்கிவைத்துக் கையால் அழுத்துவதும் ஒரு வழிதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே விளையாட்டுக் கருவிகள் வந்துவிட்டன என்பதையும் அறிந்திருங்கள். மைக்ரோசொப்ட் 2018இலும், சோனி 2023இலும் அவற்றை வெளியிட்டன.

காசு விடயத்துக்கு வருவோம். ஜி923 வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 400 அமெரிக்க டொலர். அன்றைய பெறுமதியில் அது 75,000 ரூபா அளவில். 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே 400 டொலர் 144,000 ரூபாவாகிவிட்டது. வரியும் கடையின் இலாபமும் வேறு. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தபோது, அதற்கு வைத்த எல்லை ஒரு இலட்சம் ரூபா. வாராவாரம் கடன்காரர் வாசலில் வந்து நின்றதெல்லாம் ஒரு ஸ்டியரிங்கின் விலைக்கும் குறைந்த தொகைக்காகத்தான். ஆகவே தவணைக்கு எடுக்காதீர்கள். பரிசாக வந்தால் வரட்டும், அல்லது பாவித்ததை வாங்குங்கள்.

பாவித்தவற்றைத் தேடுபவர்கள் பொரளையில் 154 இலக்க பஸ்ஸில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்கினால், யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடையிலேயே மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல் காசை எடுக்க வேண்டாம். சுழன்று நடுவுக்கு வந்து நிற்கிறதா, உள்ளே அரைக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது திரையில் அளவு சீராக ஏற வேண்டும். துள்ளினால் உள்ளே தூசி அல்லது தேய்மானம். மிதிகளின் வயர் முனையில் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கனடா, அமெரிக்காவில் இருந்து வருவதென்றால் மின் அடப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. 120 மட்டும் எழுதியதை எமது சுவரில் செருகினால் புகைதான் வரும்.

பிளாஸ்டிக் மேசையில் இதைப் பூட்ட முடியாது, ஆடும். தடித்த பலகை மேசை வேண்டும். சில்லுப் பூட்டிய கதிரையில் இருந்து பிரேக் மிதித்தால் கதிரை பின்னால் ஓடும். சாதாரணக் கதிரையைச் சுவரோடு சாத்திப் போடுங்கள். அறைக்கு ஒரு குடும்பம் என்று வாழும் வீடுகளில் மோட்டாரின் அதிர்வு மேசை வழியாகப் பக்கத்து அறைக்குப் போகும். மேசைக் கால்களுக்குக் கீழே மடித்த சாக்கு வைத்தால் குறையும்.

இந்த ஸ்டியரிங்கால் தொழில் வருமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதிலும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ 2011இல் கிரான் டூரிஸ்மோ விளையாட்டுப் போட்டி மூலம் தெரிவாகி, உண்மையான பந்தய ஓட்டுனரானார். 2023இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஆனால் அது இலட்சத்தில் ஒருவருக்கு. சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் பழகுபவருக்கு இது ஓரளவுக்கே உதவும். இங்கிலாந்து வீதிகளும் வலப்பக்க ஸ்டியரிங்கும் உள்ள யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 போன்ற விளையாட்டில் இடப்பக்கமாக ஓட்டியும் பின்கண்ணாடி பார்த்தும் பழகலாம். சாதாரணக் கணினியிலும் ஓடும். முச்சக்கர வண்டி பழக நினைக்கும் சகோதரிகளுக்கு இது உதவாது, அதற்குக் கைபிடிதான்.

பல தாய்மார் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒன்று, பிள்ளைகள் விளையாடும் துவக்கு விளையாட்டுகளைப் பற்றியது. அடுத்த அறையில் இருந்து வரும் அந்தச் சத்தத்தில் உடல் நடுங்குகிறது, பிள்ளைக்குச் சொன்னால் “அது விளையாட்டுத்தானே அம்மா” என்கிறான் என்று சொல்வார்கள். கார்ப் பந்தயத்தில் வெடிச் சத்தம் இல்லை. இயந்திர இரைச்சலும் மோதும் சத்தமும் இருக்கும். இரவில் திடுக்கிட வைக்க அதுவும் போதும். ஆகவே ஸ்டியரிங்கோடு ஒரு காதுக்கருவியையும் சேர்த்தே கேளுங்கள். மாமன் அனுப்பும் பொதியில் அதற்குப் பெரிய செலவில்லை.

வந்த பெட்டியையும் உள்ளே இருந்த ரெஜிபோமையும் எறிய வேண்டாம். பிள்ளைக்கு அலுத்துப் போனாலோ வீட்டில் அவசரம் வந்தாலோ, பெட்டியோடு கொண்டுபோனால் யுனிட்டி பிளாசாவில் நல்ல விலை கேட்கலாம்.