கழற்றும் வசதியும் காக்கும் பொறுப்பும்

கோணல் பற்களைச் சீரமைக்க வேண்டுமென்றால் ‘கிளிப்’ போட வேண்டும் என்பதே நெடுங்காலமாக நம் வீடுகளில் அறியப்பட்டிருந்த வழி. பள்ளிப் பருவத்தில் கேலிக்கு அஞ்சி அந்தச் சிகிச்சையைத் தவிர்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரிக்கவும் தயங்கியபடி நடுவயதை எட்டியவர்கள் பலர் உண்டு. இன்று அத்தகையோர் ‘அலைனர்’ எனப்படும் ஒளிபுகும் பல் உறைகளை நாடுகின்றனர். அணிந்திருப்பது அருகிலிருப்பவருக்கும் எளிதில் தெரியாது. உண்ணும்போது கழற்றி வைக்கலாம். பல் துலக்குவதும் கடினமில்லை.

ஆனால், விரும்பியபோது கழற்றலாம் என்ற இந்த வசதியே இச்சிகிச்சையின் பலவீனமும் ஆகும். பல்லோடு ஒட்டப்பட்ட கம்பி, அணிந்தவர் மறந்தாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். உறையோ வாயில் இருக்கும் நேரத்தில் மட்டுமே சிகிச்சை; பெட்டிக்குள் இருக்கையில் அது வெறும் பிளாஸ்டிக். பெரும் பொருள்செலவில் தொடங்கப்படும் ஒரு மருத்துவத்தின் வெற்றியில் பாதிக்கும் மேல் நோயாளியின் கையில் இருக்கிறது. விளம்பரங்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

பற்களைச் சிறிது சிறிதாக நகர்த்த ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளை அணியலாம் என்ற சிந்தனை புதிதன்று. 1945-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பற்சீரமைப்பு மருத்துவர் ஹரால்டு கெஸ்லிங் ரப்பர் கருவியைக் கொண்டு இதனை விளக்கினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் அச்சுகளைக் கையாலேயே உருவாக்க வேண்டியிருந்ததால் அது பரவலாகவில்லை. 1997-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி நிறுவனம், கணினி வடிவமைப்பையும் முப்பரிமாண அச்சு நுட்பத்தையும் இதற்குப் பயன்படுத்தியது. அதன் ‘இன்விசலைன்’ உறைக்கு அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 1998-இல் அனுமதி அளித்தது. இன்று பல நிறுவனங்கள் இத்தகைய உறைகளைத் தயாரிக்கின்றன.

ஓர் உறை ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அளவுக்கே நகர்த்தும். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு ஒன்று உள்ளது. உறை தரும் இடைவிடாத மென்மையான அழுத்தத்தால் ஒரு பக்கம் எலும்பு கரைகிறது. மறுபக்கம் புதிய எலும்பு உருவாகிறது. அழுத்தம் நின்றால் இந்தப் பணி தடைபடும். நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்ப முயலும். இதனால்தான் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் உறையை அணிய வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

22 மணி நேரம் அணிந்தால் எஞ்சுவது 2 மணி நேரமே. காலைக் காப்பி, சிற்றுண்டி, முற்பகல் தேநீர், மதிய உணவு, மாலையில் வடையுடன் மீண்டும் ஒரு தேநீர், இரவு உணவு என்று ஆறு வேளை கழற்றுபவர், வேளைக்கு 20 நிமிடம் எடுத்துக்கொண்டாலே அந்த 2 மணி நேரமும் தீர்ந்துவிடும். திருமண விருந்திலோ நண்பர்களுடனான அரட்டையிலோ நேரம் நீண்டால் கணக்கு தவறிவிடும். ஆகவே, தேநீரைச் சிற்றுண்டியோடு சேர்த்துக்கொள்வது, இடைவேளை நொறுக்குத் தீனியைக் குறைப்பது போன்ற மாற்றங்கள் இன்றியமையாதவை. கழற்றியதும் கைப்பேசியில் நினைவூட்டும் மணி ஒன்றை வைத்துக்கொள்வது எளிய, பயனுள்ள வழி.

உறை வாயில் இருக்கும்போது அருந்தத்தக்கது சாதாரண தண்ணீர் மட்டுமே. இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம் கறையைத் தவிர்ப்பது மட்டுமன்று. நம் பற்களை நாள் முழுவதும் காப்பது உமிழ்நீர். சர்க்கரையைப் பாக்டீரியாக்கள் அமிலமாக்கும்போது அதைக் கழுவி நீக்குவதும், பல்லின் மேற்பூச்சு இழந்த தாதுக்களைத் திரும்பத் தருவதும் அதுவே. உறை மூடியிருக்கையில் உமிழ்நீர் பல்லை எளிதில் அடைவதில்லை. அந்நிலையில் இனிப்புக் காப்பியையோ பழச்சாற்றையோ குளிர்பானத்தையோ பருகினால், அந்தத் திரவம் உறைக்கும் பல்லுக்கும் இடையே தங்கிவிடும். அமில-காரக் குறியீடு 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். பல் வரிசையாகி, அதன்மேல் வெள்ளைத் திட்டுகளும் சொத்தையும் மிஞ்சினால் யாருக்கு என்ன பயன்?

சர்க்கரை சேர்க்காத காப்பியானாலும் கறை படியும். சூடு உறையின் வடிவத்தையும் கெடுக்கும். மஞ்சள் சேர்ந்த குழம்பும் வெற்றிலைப் பாக்கும் உறையை ஒரே நாளில் நிறம் மாற்றிவிடக் கூடியவை. உறை பிடிமானம் பெறுவதற்காகப் பல்லின் நிறத்திலேயே மருத்துவர் ஒட்டும் சிறு மேடுகளிலும் இக்கறைகள் படியும். உண்டபின் பல் துலக்கிவிட்டு உறையை அணிவதே முறை. அலுவலகத்திலோ பயணத்திலோ அதற்கு வழியில்லையெனில், வாயை நன்றாகக் கொப்பளித்து, உறையையும் தண்ணீரில் அலசி அணிந்துகொண்டு, வாய்ப்புக் கிடைத்ததும் துலக்க வேண்டும்.

உறையைச் சுத்தம் செய்வதில்தான் நம்மிடையே தவறுகள் மிகுதி. பால் புட்டியைக் கொதிநீரில் போடும் பழக்கத்தை உறைக்கும் சிலர் பின்பற்றுகின்றனர். வெப்பத்தில் அச்சில் இழுத்து வடிவமைக்கப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் அது. கொதிநீர் அந்த வடிவத்தைக் குலைத்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்வதும் அத்தகையதே. பற்பசையால் தேய்ப்பதும் தவறு. பற்பசையில் உள்ள நுண்துகள்கள் உறையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். அவற்றில் கிருமிகள் குடியேற, உறை மங்கி நாற்றமடிக்கும்.

சரியான முறை மிக எளியது. காலையும் இரவும் மென்மையான தூரிகையால், வாசனையற்ற மென்சோப்பு நீர் ஒரு துளியிட்டு, உள்ளும் புறமும் மெதுவாகத் தேய்த்துக் குழாய் நீரில் அலச வேண்டும். அந்தத் தூரிகையைப் பல் துலக்கப் பயன்படுத்தாமல் தனியே வைத்துக்கொள்வது நல்லது. உறைகளுக்கென விற்கப்படும் சுத்திகரிப்பு மாத்திரைகளை, அவற்றின் உறையில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை பயன்படுத்தலாம். கழற்றும் ஒவ்வொரு முறையும் அலசினால் உமிழ்நீர் காய்ந்து படிவதைத் தவிர்க்கலாம்.

அணிவதற்கும் முறை உண்டு. முன்பற்களில் பொருத்தி, விரல்களால் கடைவாய்ப் பற்கள் வரை அழுத்த வேண்டும். கடித்துப் பொருத்தினால் விரிசல் விழும். கழற்றும்போது உட்புறமாகக் கடைவாய்ப் பல்லிலிருந்து இரு பக்கமும் தளர்த்த வேண்டும். பல்லின் நுனிக்கும் உறைக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், பல் திட்டமிட்டபடி நகரவில்லை என்பதற்கான அறிகுறி அது. அந்நிலையில் ‘நாள் வந்துவிட்டது’ என்று அடுத்த உறைக்குத் தாவுவது பிழை. மருத்துவரிடம் கேட்க வேண்டும். புதிய உறையை இரவில் தொடங்கினால் முதல் நாள் இறுக்கம் உறக்கத்தில் கழியும்.

உறைகள் தொலையும் இடம் பெரும்பாலும் உணவு மேசைதான். காகிதக் கைத்துடைப்பானில் சுற்றி வைத்தது குப்பைக் கூடைக்குப் போகிறது. இலை ஓரத்தில் வைத்தது மடித்த இலையோடு போகிறது. வீட்டு நாய்க்கும் உமிழ்நீர் மணம் கொண்ட உறை விருப்பமானது. உறை வாயில் இல்லையென்றால் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதை விதியாகக் கொள்ள வேண்டும். முந்தைய உறையையும் தூக்கி எறியாமல் கழுவி வைத்திருந்தால், இப்போதையது தொலையும்போது மருத்துவர் சொல்லும் வரை பற்கள் பின்வாங்காமல் காக்க அது உதவும்.

இவையனைத்தும் ஒரு மருத்துவரின் கண்காணிப்பு உண்டு என்ற அடிப்படையில் சொல்லப்படுபவை. அந்த அடிப்படையையே தவிர்த்து, அஞ்சலில் உறைகளை அனுப்பிய அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி, டிசம்பரில் இழுத்து மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் கைவிடப்பட்டனர். தவணையில் வாங்கியோர் தொடர்ந்து பணம் செலுத்த வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. மலிவான விலை, வீட்டிலேயே அச்செடுக்கும் வசதி என்ற அழைப்புகளுக்கு மயங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஈறு நோய் உள்ள வாயில் பற்களை நகர்த்தினால், தாங்கும் எலும்பே தேய்ந்து பற்கள் ஆட்டம் காணலாம். கட்டுப்படாத நீரிழிவு உள்ளோருக்கு ஈறு நோயின் வாய்ப்பு அதிகம். எக்ஸ்-ரே எடுத்து, ஈறுகளை நேரில் ஆராய்ந்த பிறகே சிகிச்சை தொடங்கப்பட வேண்டும். பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு பற்சீரமைப்பு மேற்படிப்பு முடித்த மருத்துவரா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

மருத்துவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உறைப் பெட்டியைக் கையில் கொடுக்கும் நாளில், பராமரிப்பு முறையைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளாகவும் கொடுத்து, வளரிளம் பிள்ளையானால் பெற்றோரையும் அமர்த்தி விளக்க வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகும் ‘ரீடெய்னர்’ எனப்படும் தக்கவைக்கும் உறையை, முதலில் முழுநேரமும் பின்னர் இரவிலும் அணிய வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதை அறியாமல் கைவிட்டு, சில ஆண்டுகளில் பற்கள் மீண்டும் கோணலாவதைக் கண்டு வருந்துவோர் பலர்.

செலவிடும் பணம் உறைகளை வாங்கித் தரும். பற்களை நகர்த்துவது நாள்தோறும் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான். அந்த ஒழுங்குக்குத் தன்னால் இயலுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்ட பிறகே உறையா, கம்பியா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இயலாது என்று தோன்றினால் கம்பியைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.