மாறாத தரவில் கோட்டுரு

கணுக்களும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் சேர்ந்தது கிராஃப் எனப்படும் கோட்டுரு. ரயில் தடங்கள், மென்பொருள் தொகுப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் விதம் போன்றவற்றை இதில் எழுதிவைக்கலாம். சி, ஜாவா மொழிகளில் ஒரு கணு தன் அண்டைக் கணுக்களின் முகவரிகளை வைத்திருக்கும். இணைப்பு மாறினால் அந்த இடத்திலேயே திருத்திவிடலாம். ஹாஸ்கல் போன்ற ஃபங்ஷனல் மொழியில் ஒருமுறை உருவான மதிப்பு மாறாது. சுற்றுப்பாதையில் உள்ள ஒரு கணுவைத் திருத்த, அதைச் சுட்டும் கணு, அந்தக் கணுவைச் சுட்டும் கணு என்று சுற்று முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும்.

இதற்கு எளிய வழி, கணுக்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் அண்டை எண்களைப் பட்டியலிடும் அட்டவணை. ஹாஸ்கலின் 'டேட்டா.கிராஃப்' இப்படிப்பட்டதே. கற்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு: கோட்டுருவை எப்படிப் பிரித்துக் கையாள்வது என்பது. ஒரு பட்டியல் என்பது வெறுமையானது, அல்லது ஒரு தலை உறுப்பும் மீதிப் பட்டியலும். அதைக் கையாளும் சார்பும் (ஃபங்ஷன்) அதே வடிவில் அமைந்துவிடுகிறது. கோட்டுருவிலோ முதல் கணு என்று ஒன்று இல்லை; எங்கிருந்து பிரிப்பது?

கணினி அறிவியலாளர் மார்ட்டின் எர்விக் 2001இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அழகான விடை தந்தது. எந்தக் கணுவை வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தக் கணுவும் அதன் உள்வரும், வெளிச்செல்லும் விளிம்புகளும் ஒரு பக்கம். அது நீங்கிய மீதிக் கோட்டுரு மறுபக்கம். 'மேட்ச்' என்ற சார்பு இப்படிப் பிரித்துத் தருகிறது. 1இலிருந்து 2, 2இலிருந்து 3, 3இலிருந்து 1க்கும் 4க்கும் விளிம்புகள் இருக்கட்டும். ஒரு பாதையில் முடிந்தவரை ஆழமாகச் சென்று பின் திரும்பும் ஆழமுதல் தேடலில் 1, 2, 3 என்று வரிசையாக எடுத்தபின் 3 மீண்டும் 1ஐ நாடும்போது, மீதிக் கோட்டுருவில் 1 இல்லை. தேடல் 4க்குப் போய் முடிகிறது. போய்வந்த கணுக்களைத் தனியாகக் குறித்துவைக்கும் வேலையே இல்லை; சுற்றில் சிக்கி முடிவில்லாமல் ஓடும் ஆபத்தும் இல்லை. மூலக் கோட்டுரு அப்படியே இருக்கிறது. மாறாத பகுதிகளை மூலமும் மீதியும் பகிர்ந்துகொள்வதால் முழு நகல் எடுக்கத் தேவையில்லை. 'எஃப்ஜிஎல்' நூலகம் இந்த முறையில் எழுதப்பட்டது.

2017இல் ஆந்த்ரே மோகோவ் கோட்டுருவை இயற்கணிதக் கோவையாக எழுதிக்காட்டினார். வெறுமை, ஒற்றைக் கணு, இரு கோட்டுருக்களை ஒன்றன்மேல் ஒன்று சேர்ப்பது, முதலாவதன் கணுக்களிலிருந்து இரண்டாவதன் கணுக்கள் அனைத்துக்கும் விளிம்பு இழுப்பது ஆகிய நான்கே போதும். எஃப்ஜிஎல்லில், கோட்டுருவில் இல்லாத கணுவுக்கு விளிம்பு சேர்த்தால் நிரல் ஓடும்போது பிழை எழும். மோகோவின் முறையில் அப்படியொரு விளிம்பை எழுதவே முடியாது.