உங்களுக்குத் தெரியுமா? கச்சிபௌலியின் உயரமும் கான்டெஸாவின் கார்புரேட்டரும்

நீண்ட முகப்பால் ‘இந்தியாவின் மசில் கார்’ என்று போற்றப்படும் கான்டெஸா, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் வடிவமைப்பைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸால் 1984 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் பொருத்தப்பட்ட அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின் அதன் கனத்த உடலுக்குப் போதவில்லை. பின்னர் வந்த 1817 சிசி இசுசு எஞ்சினே அக்குறையைத் தீர்த்தது என்பதால், பழைய காரை மீட்டெடுப்போர் முதலில் தேட வேண்டியது அந்த எஞ்சினையும் அதனோடு இணைந்த ஐந்து வேகக் கியர்பாக்ஸையுமே.

அந்த எஞ்சினின் கார்புரேட்டரை அமைக்கையில் கார் ஓடும் ஊரின் உயரத்தையும் கருத வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் அமைந்த ஐதராபாத்தின் கச்சிபௌலியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவதால், கார்புரேட்டரின் ஜெட், அதாவது பெட்ரோல் பாயும் அளவை வரையறுக்கும் நுண்துளை, கடலோரச் சென்னைக்கு ஏற்றபடி இருந்தால் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் சற்று மிகும். ஆயினும் இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கப்படும் எத்தனால், தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், அதைவிடக் கூடுதலாக எதிர்த்திசையில் கலவையை மெலியச் செய்கிறது. எனவே உயரத்தை மட்டும் கருதிச் சிறிய ஜெட்டை மாட்டினால் எஞ்சின் மிகையாகச் சூடேறக்கூடும். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் உப்பச் செய்து பழுதாக்கும் என்பதால், பளபளக்கும் குரோம் பாகங்களுக்கு முன்பே அவற்றை மாற்றுவது இன்றியமையாதது.